கேம் சர்வரில் கோப்பும் அப்டேட்டும்: என்னிடம் ஓயாமல் வரும் கேள்விகள்

நண்பர்கள் வட்டத்துக்காக மைன்கிராஃப்ட், வேல்ஹெய்ம், ரஸ்ட் மூன்று கேம்களுக்கும் சர்வர் நடத்துகிறவன் நான். "அண்ணா, சர்வர் எழும்பல" என்று டிஸ்கார்டில் செய்தி வருவது எப்போதும் இரவு பதினோரு மணிக்குத்தான். கேட்பவர் மாறுவார், கேள்வி மாறாது. அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். லினக்ஸை மனதில் வைத்து எழுதியது. விண்டோஸ் வேறுபடும் இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. டெடிகேட்டட் சர்வர்னா என்ன ப்ரோ? கேமுக்குள்ளயே ஹோஸ்ட் போட்டா போதாதா?

இரண்டு மூன்று பேர் எப்போதாவது ஆடுவதற்குப் போதும். ஆனால் ஹோஸ்ட் போட்டவர் தூங்கப் போனால் உலகமும் அவரோடு தூங்கிவிடும். டெடிகேட்டட் சர்வர் என்பது படம் எதுவும் காட்டாமல் ஆட்டத்தின் கணக்கை மட்டும் பார்க்கும் தனி நிரல். வாடகை மெஷினிலோ வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கணினியிலோ நாள் முழுக்க ஓடும். அதுவரை கேமே சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த கோப்பு வேலையெல்லாம் அன்றிலிருந்து உங்கள் தலையில்.

2. சர்வர் ஃபோல்டர்ல நூத்துக்கணக்குல ஃபைல் கிடக்கு. இதுல எது முக்கியம்?

ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இது தொலைந்தால் மறுபடி டவுன்லோட் செய்ய முடியுமா? முடியும் என்றால் அது கேமின் நிரல். எத்தனை ஜிபி இருந்தாலும் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். முடியாது என்றால் அது ஒன்று நீங்கள் எழுதிய செட்டிங்ஸ், இல்லையென்றால் ஆட்கள் ஆடிச் சேர்த்த உலகம். உலகம்தான் உயிர். லாகும் (சர்வர் நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் பதிவு) கிராஷ் ரிப்போர்ட்டும் நாலாவது வகை; அது குப்பை, ஆனால் பிரச்சினை வரும் அன்றைக்குப் பொக்கிஷம்.

மைன்கிராஃப்டில் உலகம் தனி ஃபோல்டராக இருக்கும். அதற்குள் 'லெவல்' என்ற சின்னக் கோப்பு, நிலப்பரப்பு இருக்கும் 'ரீஜன்' ஃபோல்டர், ஒவ்வொருவரின் சாமான்களும் இருக்கும் பிளேயர் கோப்புகள். ப்ளகின் (சர்வருக்குப் புதிய வசதி சேர்க்கும் துணை நிரல்) ஏற்கும் மைன்கிராஃப்ட் சர்வர் வகைகளான பேப்பரும் ஸ்பிகாட்டும், நெதர், எண்ட் என்ற கேமின் மற்ற இரு உலகங்களையும் தனித்தனி ஃபோல்டராகப் பிரித்து வைத்துவந்தன. உலக ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்துவிட்டு நெதரைத் தொலைத்தவர்கள் உண்டு. ரஸ்டில் சர்வருக்கு நீங்கள் வைத்த அடையாளப் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், எல்லாம் அதற்குள்.

வேல்ஹெய்ம்தான் ஆளைக் கவிழ்க்கும். லினக்ஸில் அதன் உலகம் சர்வர் ஃபோல்டருக்குள்ளேயே இருக்காது. பயனரின் ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் மறைவான கான்ஃபிக் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். உலகத்துக்கு இரண்டு கோப்புகள்: ஒன்றில் பெயரும் விதை எண்ணும் (எந்த எண்ணிலிருந்து உலகம் உருவாகிறதோ அது), இன்னொன்றில் நீங்கள் வெட்டியது கட்டியது எல்லாம். இரண்டும் சேர்ந்தால்தான் உலகம்.

3. எத்தனை ஜிபி டிஸ்க் எடுக்கணும்? 20 போதும்னு ஒருத்தர் சொன்னார்.

எந்த கேம் என்று சொல்லாமல் அவர் சொன்னது ஜோசியம். மைன்கிராஃப்ட் சர்வர் நிரல் சில பத்து எம்பிதான். அங்கே வளர்வது உலகம். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 அதற்கு நேரெதிர்: நிரலே பல பத்து ஜிபி, சேமிக்க உலகம் என்று எதுவும் கிடையாது. என் கணக்கு இது: நிரல் அளவைப் போல இரண்டு பங்கு, அதோடு உலகம், அதோடு மெஷினிலேயே வைக்கும் பேக்கப்புகள்.

இரண்டு பங்கு எதற்கு என்றால், ஸ்டீம் (கேம்களை விற்று இறக்கித் தரும் தளம்) அப்டேட் புதிய கோப்புகளை முதலில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் இறக்கிவிட்டுத்தான் பழையதன் இடத்தில் வைக்கும். பெரிய அப்டேட் அன்றைக்குக் கொஞ்ச நேரம் இரண்டுக்குமே இடம் வேண்டும். "0எக்ஸ்202" என்று பிழை காட்டி அப்டேட் நின்றால், முதலில் டிஸ்க்கில் காலி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

4. அஞ்சு பேர்தான் ஆடுறோம். மைன்கிராஃப்ட் உலகம் மட்டும் ஏன் ஊதிக்கிட்டே போகுது?

ஆள் எண்ணிக்கை காரணமில்லை, அவர்கள் போன தூரம்தான் காரணம். உலகம் 16க்கு 16 கட்டம் கொண்ட சங்க்குகளாக உருவாகிறது. 32க்கு 32 சங்க் சேர்ந்தது ஒரு ரீஜன் கோப்பு. அதாவது 512க்கு 512 கட்டம். யாராவது ஒரு பகுதியை எட்டிப் பார்த்தாலே அது உருவாகி டிஸ்க்கில் எழுதப்படும். மறுபடி யாரும் அங்கே போகாவிட்டாலும் அது அழியாது. எலிட்ரா என்ற சிறகை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நேர்கோட்டில் பறந்த ஒரே ஆள், பத்து பேர் ஒரு மாதம் வீடு கட்டியதைவிட அதிக இடத்தைத் தின்றுவிடுவார்.

மருந்து, முதல் நாளே வேர்ல்ட் பார்டர் போடுவது. ஒரு பக்கத்தின் முழு நீளம் 10,000 கட்டம் என்று உலகின் நடுவை மையமாக வைத்து எல்லை போட்டால் 20க்கு 20, மொத்தம் 400 ரீஜன் கோப்புகள். ஒன்றுக்கு 8 எம்பி என்று வைத்துக்கொண்டால் 3.2 ஜிபி. அதோடு உச்சவரம்பு தெரிந்துவிட்டது, நிம்மதியாகத் தூங்கலாம். ஏற்கெனவே ஊதிவிட்ட உலகத்தில், ஆட்கள் மிகக் குறைந்த நேரம் மட்டுமே இருந்த சங்க்குகளைக் கண்டுபிடித்து நீக்கும் கருவிகள் உண்டு. பேக்கப் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

'ஜிப் பண்ணிட்டா சுருங்காதா?' என்பது இதன் வால் கேள்வி. பெரிதாகச் சுருங்காது. சங்க்குகள் ஏற்கெனவே சுருக்கப்பட்டுத்தான் எழுதப்படுகின்றன. ஆயிரம் கோப்பை ஒரு கோப்பாகக் கட்டி நகர்த்த ஜிப் உதவும், அவ்வளவுதான்.

5. டிஸ்க் ஃபுல்லுனு வருது, சர்வர் திக்குது. எதை அழிக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க!

அவசரப்பட்டு சர்வரை நிறுத்தாதீர்கள். நிறுத்தும்போது உலகத்தைச் சேமிக்கப் பார்க்கும். எழுத இடமில்லாமல் பாதியில் அறுந்தால் இருந்த கோப்பும் போகும். முதலில் ஒரு ஜிபியாவது காலி செய்யுங்கள், பிறகு நிறுத்துங்கள். சுருக்கி வைக்கப்பட்ட பழைய லாகுகள், கிராஷ் ரிப்போர்ட்டுகள், வேறு இடத்தில் நகல் இருக்கும் பழைய பேக்கப்புகள், இந்த வரிசையில் போங்கள். உலக ஃபோல்டர் பக்கமே போகவேண்டாம். எது இடத்தை அடைக்கிறது என்று ஃபோல்டர் வாரியாகக் காட்ட 'டியூ' கட்டளை இருக்கிறது; ஊகித்து அழிப்பதைவிட ஒரு நிமிடம் அதைப் பார்ப்பது மேல்.

பெரிய லாக் ஒன்றை அழித்தும் இடம் கூடவில்லையா? லினக்ஸில், ஓடும் நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர்தான் மறையும். அந்த நிரல் கோப்பை மூடும்வரை இடம் திரும்பாது. சர்வரை மறுதொடக்கம் செய்ததும் இடம் வந்துவிடும். விண்டோஸாக இருந்தால் பொதுவாக அழிக்கவே விடாது.

இன்னொரு விசித்திரமும் உண்டு: பாதி டிஸ்க் காலியாகவே இருக்கும், ஆனாலும் இடமில்லை என்று வரும். லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்து ஐநோட் (கோப்புக்கு ஒன்றாக டிஸ்க் ஒதுக்கும் பதிவிடம்) தீர்ந்துபோயிருக்கும். 'டிஎஃப்' கட்டளையிலேயே அதைப் பார்க்கும் வழி இருக்கிறது. குப்பையை மூட்டை கட்டாமல் கொட்டும் ஏதோ ஒரு ப்ளகின் அநேகமாகக் காரணமாக இருக்கும்.

6. சர்வர் ஓடிட்டு இருக்கும்போதே ஃபோல்டரை காப்பி எடுத்தா அது பேக்கப் ஆகாதா?

ஆகலாம், ஆகாமலும் போகலாம். திரும்ப வைக்கும் அன்றைக்குத்தான் தெரியும். நீங்கள் காப்பி எடுக்கும் நொடியில் சர்வர் அதே கோப்பில் எழுதிக்கொண்டிருந்தால், முன்பாதி பழையது பின்பாதி புதியது என்று ஒரு கோப்பு கிடைக்கும். மைன்கிராஃப்டில் இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது: தானியங்கிச் சேமிப்பை நிறுத்தும் கட்டளை, நினைவகத்தில் இருப்பதை உடனே டிஸ்க்கில் கொட்டும் கட்டளை, பிறகு காப்பி, கடைசியாகச் சேமிப்பை மறுபடி இயக்கும் கட்டளை. வேல்ஹெய்ம் இயல்பாக அரை மணிக்கு ஒருமுறை சேமிக்கும். அது சேமித்து முடித்ததும் காப்பி எடுக்கலாம். எந்த முறையும் தெரியாத கேம் என்றால் அதிகாலையில் இரண்டு நிமிடம் சர்வரை நிறுத்தி எடுங்கள். யாரும் அழமாட்டார்கள்.

மைன்கிராஃப்டில் சேமிப்பை மறுபடி இயக்கும் அந்தக் கடைசிக் கட்டளை மிக முக்கியம், அனுபவத்தில் சொல்கிறேன். இந்தக் கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் என் ஸ்கிரிப்ட் ஒருமுறை காப்பி நடுவில் பிழை வந்து நின்றது. சேமிப்பு நிறுத்தப்பட்டபடியே இருந்தது. இரண்டு நாள் கழித்து மெஷினில் நினைவகம் தீர்ந்து சர்வர் கொல்லப்பட்டது. இரண்டு நாள் கட்டிய கோட்டை காற்றோடு போயிற்று. கட்டியவன் என் தம்பி. இப்போது காப்பி வெற்றியோ தோல்வியோ, சேமிப்பை இயக்கிவிட்டுத்தான் ஸ்கிரிப்ட் வெளியே வரும்.

7. பேக்கப் எத்தனை வச்சுக்கணும்? எங்கே வைக்கணும்?

அதே டிஸ்க்கில் இருப்பது பேக்கப் இல்லை, நகல். டிஸ்க் போனால் இரண்டும் போகும், வாடகை கட்ட மறந்து கணக்கு மூடப்பட்டாலும் இரண்டும் போகும். ஒரு பிரதியாவது வேறு இடத்தில் இருக்கட்டும், உங்கள் வீட்டுக் கணினியாக இருந்தாலும் சரி.

நான் வைத்திருப்பது ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு, நாளுக்கு ஒன்றாக ஏழு, வாரத்துக்கு ஒன்றாக நான்கு. வாரக் கணக்கு எதற்கு என்று கேட்பார்கள். ஒருவன் வந்து பெட்டிகளைக் காலி செய்துவிட்டுப் போனதைப் பத்து நாள் கழித்துத்தான் கண்டுபிடிப்பீர்கள். அப்போது நேற்றைய பேக்கப்பிலும் பெட்டி காலியாகத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பேக்கப்பை எடுத்து உங்கள் கணினியில் ஏற்றி உள்ளே நடந்து பாருங்கள்.

8. பேக்கப்பை திரும்ப வச்சேன். உலகம் வந்துடுச்சு, என் சாமான் எல்லாம் காணோம்ணா!

மைன்கிராஃப்ட் என்றால் ஆன்லைன் மோடு செட்டிங்கை (ஆடுபவரின் கணக்கு அசலா என்று சரிபார்ப்பது) மாற்றினீர்களா என்று பாருங்கள். பிளேயர் கோப்பின் பெயர் உங்கள் பெயரில்லை, ஒரு நீண்ட அடையாள எண். ஆன்லைன் மோடில் அந்த எண் உங்கள் கணக்கிலிருந்து வரும். அணைத்தால் உங்கள் பெயரிலிருந்து சர்வரே வேறொரு எண்ணை உருவாக்கிக்கொள்ளும். சாமான் தொலையவில்லை, பழைய எண்ணின் பெயரில் பத்திரமாக இருக்கிறது. செட்டிங்கைப் பழையபடி வையுங்கள்.

வேல்ஹெய்மில் கதையே வேறு. அங்கே உங்கள் பாத்திரமும் அதன் கையிருப்பும் சர்வரில் இல்லை, உங்கள் சொந்தக் கணினியில் இருக்கின்றன. உலகத்தை மூன்று நாள் பின்னுக்குத் தள்ளினால் பெட்டியில் இருப்பது பின்னுக்குப் போகும், பையில் இருப்பது போகாது. இதை வைத்துச் சாமானை இரட்டிப்பாக்கிக்கொள்ளும் கில்லாடிகளும் உண்டு, ஜாக்கிரதை.

9. அப்டேட் எப்படி போடறது? படிப்படியா சொல்லுங்க.

ஆட்களுக்குச் சொல்லுங்கள், சர்வரை நிறுத்துங்கள், ஆறாம் கேள்வியில் சொன்னபடி பேக்கப் எடுங்கள், அப்டேட் போடுங்கள், ஏற்றி லாகைப் படியுங்கள். ஸ்டீம் வழி வரும் சர்வர்களுக்கு, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் தரும் 'ஸ்டீம்சிஎம்டி' என்ற கருவி. நிறுவும் ஃபோல்டரை லாகின் செய்வதற்கு முன்பே குறிப்பிட வேண்டும். பின்னால் சொன்னால் முறைக்கும். பல சர்வர்களுக்குப் பெயரில்லாத லாகினே போதும். பிறகு அப்டேட் கட்டளையோடு, ஸ்டீமில் அந்தச் சர்வருக்குரிய ஆப் எண்: வேல்ஹெய்ம் 896660, ரஸ்ட் 258550, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2க்கு 730.

மைன்கிராஃப்ட் ஜாவாவுக்குக் (ஜாவா மொழியில் எழுதிய பதிப்பு) கருவி எதுவும் வேண்டாம், புதிய ஜார் கோப்பை (சர்வர் நிரல் முழுதும் இருக்கும் ஒரே கோப்பு) இறக்கிப் பழையதன் இடத்தில் வைப்பதுதான். ஆனால் சர்வர் ஓடும்போது அதை மேலெழுதாதீர்கள். லினக்ஸ் தடுக்காது, கொஞ்ச நேரம் ஒழுங்காகவே ஓடும். பிறகு ஜாவா அந்தக் கோப்பிலிருந்து ஏதோ ஒரு துண்டைத் தேடும்போது அது அங்கே இருக்காது, விநோதமான பிழைகளைக் கக்கும். ப்ளகின்களுக்கும் இதே விதி. 'ப்ளகின்ஸ்' ஃபோல்டருக்குள் 'அப்டேட்' என்ற ஃபோல்டரில் புதியதைப் போட்டு வைத்தால் அடுத்த தொடக்கத்தில் சர்வரே இடம் மாற்றிக்கொள்ளும்.

10. எங்க கேம் தானா அப்டேட் ஆயிடுச்சு, சர்வருக்குள்ள போக முடியல. சர்வர் அப்டேட்டைத் தள்ளிப் போட முடியாதா?

கேமைப் பொறுத்தது. மைன்கிராஃப்ட் ஜாவாவில் லாஞ்சரிலேயே பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்து ஆடலாம், அதனால் அவசரமே இல்லை. ப்ளகின்கள் எல்லாம் புதிய பதிப்புக்குத் தயாராகும்வரை நான் வாரக்கணக்கில் காத்திருப்பேன். ஸ்டீம் கேம்களில் ஆடுபவர் பக்கம் தானாக மாறிவிடும்; நெட்வொர்க் பதிப்பு பொருந்தாவிட்டால் கதவு திறக்காது.

ரஸ்டில் இதற்கு நாள்நட்சத்திரமே உண்டு. மாதத்தின் முதல் வியாழன், லண்டன் நேரம் மாலை 7 மணிக்குப் பெரிய அப்டேட் வரும், அதோடு மேப் கட்டாயமாக அழிக்கப்படும். நம் ஊர்க் கணக்கில் இங்கிலாந்தின் கோடை நேரத்தில் இரவு 11:30, குளிர்காலத்தில் வெள்ளி பிறந்து 12:30. மேப் போனாலும் ஆட்கள் கற்ற ப்ளூபிரிண்ட்டுகள் (பொருள் செய்யும் முறைகள்) தனி டேட்டாபேஸ் கோப்பில் இருக்கும். அதை அழிப்பதும் வைப்பதும் பெரும்பாலான மாதங்களில் உங்கள் விருப்பம். அடையாள ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிட்டு "ப்ளூபிரிண்ட் எங்கே?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

11. வாலிடேட் போடச் சொன்னாங்க, போட்டேன். நான் மாத்தின செட்டிங்ஸ் எல்லாம் போச்சே!

வாலிடேட்டின் வேலையே அதுதான். ஸ்டீமிடம் இருக்கும் அசலோடு ஒப்பிட்டு, வேறுபடும் கோப்பை அசலாக்கிவிடும். கெட்டுப்போன கோப்பும் நீங்கள் ஆசையாகத் திருத்திய கோப்பும் அதற்கு ஒன்றுதான். நீங்களே புதிதாக உருவாக்கிய கோப்புகளைத் தொடாது. அதனால் கேமோடு வந்த கோப்பைத் திருத்தாமல், நகலெடுத்து வேறு பெயர் வைத்து அதைத் திருத்துங்கள். வேல்ஹெய்மின் தொடக்க ஸ்கிரிப்ட் இதற்குக் கச்சிதமான உதாரணம்: அதிலேயே பாஸ்வேர்டை எழுதி வைத்தால் ஒரு அப்டேட்டில் பறந்துவிடும்.

சில இடங்களில் அசலைத் திருத்தித்தான் ஆகவேண்டும். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2இல் ப்ளகின்களை ஏற்ற உதவும் மெட்டாமாட் ஓட, கேம்இன்ஃபோ கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கேம் அப்டேட் அந்த வரியைத் துடைத்துவிடும். ரஸ்டில் ப்ளகின்களை ஓட்டும் ஆக்ஸைடு என்ற சேர்க்கை கேமின் கோப்புகளையே மாற்றி அமர்வதால், ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் மறுபடி நிறுவ வேண்டும். "அப்டேட்டுக்கு அப்புறம் ப்ளகின் எதுவும் வேலை செய்யல" என்று வருபவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான். அப்டேட் ஸ்கிரிப்ட்டின் கடைசியிலேயே இந்த வேலையைச் சேர்த்துவிடுங்கள்.

12. அப்போ எல்லாத்தையும் ஆட்டோ அப்டேட்ல விட்டுடலாமா?

மாட் (கேமையே மாற்றும் வெளியார் சேர்க்கை) எதுவும் இல்லாத சர்வர் என்றால் தாராளமாக. தினமும் அதிகாலை மறுதொடக்கத்தின்போது பேக்கப், அப்டேட் என்று ஓடட்டும். மாட் இருந்தால் நான் விடமாட்டேன். காலையில் எழுந்து பார்க்கும்போது பாதி உலகம் காணாமல் போயிருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

விதிவிலக்கு, பாதுகாப்பு ஓட்டை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற, ஜாவா நிரல்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் நூலகத்தில் வெடித்த ஓட்டையை நினைத்துப் பாருங்கள். மைன்கிராஃப்ட் சாட்டில் ஒரு வரி தட்டினாலே சர்வரில் அந்நிய நிரலை ஓட வைக்க முடிந்தது. 1.18.1 பதிப்பு டிசம்பர் 10 அன்றே அதற்கான திருத்தத்தோடு வந்தது. அந்த மாதிரி நாளில் ப்ளகின் தயாரா என்றெல்லாம் பார்க்கக்கூடாது. சர்வரை நிறுத்திவிட்டு வந்து பிறகு யோசிக்கலாம்.

13. புது வெர்ஷன் பிடிக்கல. பழைய ஜாரை வச்சா பழையபடி ஆயிடுமா?

ஆகாது. நிரல் பின்னால் போகும், உலகம் போகாது. புதிய பதிப்பு ஒரு சங்க்கை ஏற்றிச் சேமித்ததும் அது புதிய வடிவில் எழுதப்பட்டுவிடும். மைன்கிராஃப்ட் 1.18 வந்தபோது உலகத்தின் அடி மைனஸ் 64க்கும் உச்சி 320க்கும் போனது, 1.17 நிரலுக்கு அந்த ஆழத்தை வைத்துக்கொள்ள இடமே கிடையாது. ஒரே வழி, ஒன்பதாம் கேள்வியில் அப்டேட்டுக்கு முன் எடுக்கச் சொன்ன பேக்கப். அதற்குப் பிறகு ஆடியது போனது போனதுதான்.

அப்டேட்டுக்குப் பிறகு சர்வர் எழும்பவே இல்லையென்றால், பழைய பேக்கப்புக்கு ஓடும் முன், மெஷினில் இருக்கும் ஜாவாவின் பதிப்பைப் பாருங்கள். 1.17க்கு ஜாவா 16, 1.18 முதல் 17, 1.20.5 முதல் 1.21.11 வரை 21 தேவை. உலகம் கெட்டுவிட்டது என்று பதறி வருபவர்களில் நிறையப் பேருக்கு இதுதான் வியாதி.

14. ஒரு மாடை எடுத்துட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன். ஒண்ணும் ஆகாதுல்ல?

அந்த மாட் புதிய கட்டைகளோ பொருட்களோ சேர்த்திருந்தால் ஆகும். அது இல்லாமல் உலகத்தை ஏற்றினால் அந்தக் கட்டைகள் யாருக்கும் தெரியாத பெயராகி மறைந்துவிடும். மாடைத் திரும்ப வைத்தாலும் வராது. ஏழாம் கேள்வியின் பேக்கப் ஒன்றை வேறு ஃபோல்டரில் வைத்து, மைன்கிராஃப்டின் வழக்கமான 25565 போர்ட்டுக்கு (இணைப்பு வரும் வாசல் எண்) பதில் வேறு போர்ட்டில் ஒரு சோதனை சர்வர் எழுப்பி அங்கே பாருங்கள்.

15. ஒரே மெஷின்ல மூணு சர்வர். கேம் ஃபைலை மூணு தடவை வைக்கணுமா?

வேண்டியதில்லை. நிரலை ஒருமுறை நிறுவி, ஒவ்வொரு சர்வருக்கும் உலகம் இருக்கும் இடத்தையும் போர்ட்டையும் மட்டும் தொடக்கக் கட்டளையில் பிரித்துக் கொடுக்கலாம். வேல்ஹெய்மில் சேமிப்பு ஃபோல்டரைச் சொல்லும் வழி இருக்கிறது, ரஸ்டில் அடையாளப் பெயரை மாற்றினால் போதும். விலை என்னவென்றால், அப்டேட் போட மூன்றையும் நிறுத்த வேண்டும். ஒன்றில் மட்டும் ஆக்ஸைடு வேண்டுமென்றால் பங்கு போட முடியாது, அதற்குத் தனி நிறுவல்தான். மைன்கிராஃப்டில் ஜார் சின்னது. மூன்று தடவையே வையுங்கள்.

16. ரிசோர்ஸ் பேக்கை மாத்திட்டேன். சிலருக்குப் பழசே தெரியுது, சிலருக்கு டவுன்லோடே ஆகல.

மைன்கிராஃப்ட் சர்வர் செட்டிங்ஸில் ரிசோர்ஸ் பேக்கின் (கேமின் படங்களையும் ஒலிகளையும் மாற்றும் மூட்டை) முகவரிக்குப் பக்கத்தில் ஷா-1 கைரேகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்) ஒன்று இருக்கும். கோப்பை மாற்றிவிட்டு அதை மாற்றாமல் விட்டிருப்பீர்கள். முன்பே இறக்கியவர்களிடம் பழைய கைரேகைக்குரிய பேக் இருக்கிறது, அதையே போட்டுக்கொள்கிறது. புதியவர்களுக்குக் கைரேகை பொருந்தாமல் நிராகரிக்கிறது. புதிய கோப்புக்குக் கைரேகை எடுத்து அங்கே ஒட்டி, சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள்.

17. ஹோஸ்டிங் மாத்தறேன். எல்லாத்தையும் எஃப்டிபில இழுத்துப் போட்டா ஆச்சா?

எஃப்டிபியில் (கோப்புகளை மெஷினுக்கு மெஷின் அனுப்பும் முறை) எல்லாவற்றையும் இழுக்காதீர்கள். இரண்டாம் கேள்வியின் பிரிவினை இங்கேதான் கைகொடுக்கும்: நிரலைப் புதிய இடத்தில் புதிதாக நிறுவுங்கள், செட்டிங்ஸையும் உலகத்தையும் மட்டும் எடுத்துப் போங்கள். ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புங்கள். எஃப்டிபி நிரல் உரை முறையில் இல்லாமல் பைனரி முறையில் இருக்கட்டும்; உரை முறை வரி முடிவுகளைத் திருத்துகிறேன் என்று ரீஜன் கோப்பைச் சிதைத்துவிடும். இரு முனையிலும் மூட்டையின் கைரேகையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அங்கே ரூட்டாக (முழு அதிகாரமும் உள்ள பயனர்) நுழைந்து மூட்டையைப் பிரித்தீர்கள் என்றால் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடக்கூடும்; சாதாரணப் பயனராக ஓடும் சர்வரால் படிக்க முடியும், எழுத முடியாது. உலகம் ஏறினாலும், ஆட்கள் ஆடினாலும், எதுவும் சேமிக்கப்படாது. உரிமையை மாற்றிவிட்டு, ஒரு கட்டையை வைத்து, மறுதொடக்கம் செய்து, அது அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சர்வரை இன்னும் ஒரு வாரம் அப்படியே விட்டு வைத்துவிட்டுப் பிறகு ரத்து செய்யுங்கள்.